கார் ஸ்டீரியோ மாத்தப் போறீங்களா? ஸ்டீயரிங் பட்டனையும் கணக்குல சேர்த்துக்கோங்க!



குற்றாலத்துல சீசன் தொடங்கிட்டா போதும், நம்ம தென்காசி பக்கம் ரெண்டு விஷயம் ஆரம்பிச்சிரும். ஒண்ணு சாரல். இன்னொண்ணு, "அண்ணாச்சி, சொந்தக்காரங்க எல்லாரும் அருவிக்கு வாராங்க, காருக்கு ஒரு நல்ல டச் ஸ்கிரீன் செட் போடணும், எது வாங்கலாம்?" அப்படிங்கிற கேள்வி. போன தடவை வீடியோ போட்டப்பவும் நிறைய பேர் இதையேதான் கேட்டிருந்தீங்க.

எந்த பிராண்ட் வாங்கலாம்னு நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு நிறைய சேனல் இருக்கு. நம்ம பார்க்கப் போறது பணக் கணக்கு. குறிப்பா ஒரே ஒரு கேள்வி: புது ஸ்டீரியோ போட்ட பிறகும் ஸ்டீயரிங்ல இருக்கிற சத்தம் கூட்டுற, குறைக்கிற, போன் எடுக்கிற பட்டன் வேலை செய்யுமா? வேலை செய்ய வைக்க எவ்வளவு ஆகும்? "அது போனா போகட்டும்"னு விட்டா எவ்வளவு நஷ்டம்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நானே ஒரு தடவை ஏமாந்திருக்கேன். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

1,800 ரூபாய் மிச்சம் பிடிச்ச கதை

நான் வாங்கின பழைய காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடலாம்னு ஒரு கடைக்குப் போனேன். விலை பேசி முடிச்சாச்சு. அப்போ கடைக்காரர், "இந்தக் காருக்கு தனி கப்ளர் வரும் அண்ணாச்சி, 1,800 ரூபா. ஆனா அது எதுக்கு வெட்டிச் செலவு? ஒயரை வெட்டி நேரா ஜாயின்ட் போட்டுத் தாரேன். ஸ்டீயரிங் பட்டன் மட்டும் வேலை செய்யாது. அதான் டச் இருக்குல்லா?"ன்னார். எனக்கும் 1,800 மிச்சம்னு சந்தோஷம். சரின்னுட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு கொல்லத்துல ஒரு கல்யாணம். முடிச்சிட்டு புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியா சாயங்காலம் திரும்பி வாரோம். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744. அந்தப் பாதையில போனவங்களுக்குத் தெரியும், ஆரியங்காவு தாண்டி புளியரைக்கு இறங்குற இடத்துல எஸ் வளைவு வரும். நல்ல மழை. பின் சீட்ல அம்மா தூங்குறாங்க. திடீர்னு போன் அடிக்குது, ஸ்பீக்கர்ல முழுச் சத்தம். பழைய பழக்கத்துல கட்டை விரல் ஸ்டீயரிங் பட்டனைத் தேடுது. அது செத்துப் போன பட்டன். சரின்னு கையை நீட்டி ஸ்கிரீன்ல தொடப் போறேன். ஈரக் கை, தொட்டது எடுக்கல. இன்னொரு தடவை தொட்டு நிமிர்ந்து பார்த்தா, எதிர்ல லாரி. நான் கோட்டைத் தாண்டி நிக்கிறேன்.

ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்துல கார் ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் ஓடும். ரெண்டு செகண்ட் ஸ்கிரீனைப் பார்த்தா 22 மீட்டர். மலைப்பாதை வளைவுல, மழையில, 22 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டின மாதிரி.

அடுத்த வாரமே வேற ஒரு எலெக்ட்ரீஷியன்கிட்ட போய் வெட்டின ஒயரை எல்லாம் திரும்ப சால்டரிங் பண்ணி, அதே கப்ளரை வாங்கி மாட்டினேன். கப்ளர் 1,800, வேலைக் கூலி 2,000. மொத்தம் 3,800. முதல்லயே செஞ்சிருந்தா 1,800-ல முடிஞ்சிருக்கும். ஒரு நாள் லீவு வேற.

அந்தப் பட்டனுக்கு நீங்க ஏற்கனவே காசு கொடுத்தாச்சு

கார் கம்பெனிக்காரங்க அடிப்படை மாடல்ல ஸ்டீயரிங் ஆடியோ பட்டன் பெரும்பாலும் கொடுக்க மாட்டாங்க. ஒண்ணு ரெண்டு படி மேல போனாத்தான் கிடைக்கும். அந்தப் படிக்கு நீங்க கொடுத்த கூடுதல் காசுல இந்தப் பட்டனும் அடக்கம். ஷோரூம்ல காசு கொடுத்து வாங்கின ஒரு வசதியை, கடையில வேற ஒரு பொருள் வாங்கும்போது இலவசமாத் தூக்கிப் போடுறோம். வேற எந்தச் செலவுலயாவது இப்படிப் பண்ணுவோமா?

சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டும்போது கையில வச்சுப் பயன்படுத்துற போன் மாதிரி சாதனங்களும் ஆபத்தான ஓட்டுதல் கணக்குல சேர்ந்திருக்கு. முதல் தடவைக்கே 1,000 ரூபாயில இருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை சிறைன்னு சட்டம் சொல்லுது. ஸ்டீயரிங் பட்டன் வேலை செஞ்சா போனைக் கையில எடுக்கவே தேவை வராது.

இது எப்படி வேலை செய்யுது?

கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா இது தெரிஞ்சா கடையில உங்களை யாரும் குழப்ப முடியாது.

ஸ்டீயரிங் பட்டன்ல ரெண்டு வகை இருக்கு.

முதல் வகை மின்தடை முறை. மாருதி சுசுகி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்கள்ல பெரும்பாலும் இதுதான், முக்கியமா சில வருஷம் ஓடின மாடல்கள்ல. ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாடியும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டீரியோ ஒரு சின்ன வோல்டேஜை அந்த ஒயர்ல அனுப்பிக்கிட்டே இருக்கும். நீங்க எந்தப் பட்டனை அழுத்துறீங்களோ அதுக்கேத்த மாதிரி வோல்டேஜ் இறங்கும். அதை வச்சு எந்தப் பட்டன்னு ஸ்டீரியோ கண்டுபிடிக்கும்.

புரியறதுக்காக ஒரு கணக்கு. ஸ்டீரியோ 5 வோல்ட் கொடுக்குது, உள்ளே 1,000 ஓம் ரெசிஸ்டர் இருக்குன்னு வச்சுக்குவோம்.

- எந்தப் பட்டனும் அழுத்தல: 5 வோல்ட்
- சத்தம் கூட்டுற பட்டன், 250 ஓம்: 1 வோல்ட்
- சத்தம் குறைக்கிற பட்டன், 390 ஓம்: 1.4 வோல்ட்
- அடுத்த பாட்டு பட்டன், 1,000 ஓம்: 2.5 வோல்ட்

அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒயர்ல நாலஞ்சு பட்டன் ஓடுறது இப்படித்தான். வண்டிக்கு வண்டி ஓம் கணக்கு மாறும், முறை ஒண்ணுதான்.

ரெண்டாவது வகை கேன் பஸ் முறை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி ஐரோப்பியக் கார்கள்லயும், புதுசா வர்ற பல மாடல்கள்லயும் இருக்கு. கேன் பஸ்ஸை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல அறிமுகப்படுத்துச்சு. இதுல பட்டனை அழுத்தினா வோல்டேஜ் மாறாது. "சத்தத்தைக் கூட்டு"ன்னு ஒரு டிஜிட்டல் செய்தி வண்டியோட நெட்வொர்க்ல போகும். புது ஸ்டீரியோவுக்கு அந்த மொழி புரியாது. அதனால நடுவுல மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெட்டி வேணும். கடையில இதை கேன் பஸ் டிகோடர், இல்லன்னா கேன் பாக்ஸ்னு சொல்லுவாங்க. உங்க கார் மாடலுக்குன்னே வர்ற பெட்டியா இருக்கணும். வேற மாடல் பெட்டியை மாட்டினா ஒண்ணு வேலை செய்யாது, இல்லன்னா வேற எதையாவது குழப்பி விடும்.

உங்க காருக்கு எந்த வழி?

*வழி 1: நேரடி இணைப்பு.* மின்தடை முறை கார், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. ஸ்டீரியோ பின்னாடி 'கீ 1', 'கீ 2'ன்னு ரெண்டு ஒயர் வரும். சரியான கப்ளர் போட்டா அது தானாவே பட்டன் ஒயரோட சேரும். அப்புறம் செட்டிங்ஸ்ல 'ஸ்டீயரிங் லேர்னிங்' பகுதிக்குப் போய், ஒவ்வொரு பட்டனா அழுத்திப் பிடிச்சு இது சத்தம், இது அடுத்த பாட்டுன்னு சொல்லிக் கொடுத்து சேவ் பண்ணணும். பத்து நிமிஷ வேலை. தனிப் பெட்டி எதுவும் தேவையில்ல.

*வழி 2: அடாப்டர்.* பயோனியர், சோனி, கென்வுட் மாதிரி பிராண்ட் ஸ்டீரியோக்கள்ல ஸ்டீயரிங் பட்டனுக்குன்னு தனி இன்புட் இருக்கும். சில மாடல் தானே கத்துக்கும். சில மாடலுக்கு நடுவுல அடாப்டர் தேவைப்படும். வாங்குறதுக்கு முன்னாடியே "என் காரோட பட்டனுக்கு இந்த மாடல் நேரா ஒத்துக்குமா, அடாப்டர் தனியா வாங்கணுமா?"ன்னு கேட்டு, பதிலை பில்லுல எழுதி வாங்கிடுங்க.

*வழி 3: கேன் பாக்ஸ்.* கேன் பஸ் கார்னா இது கட்டாயம். இந்தக் கார்கள்ல பார்க்கிங் சென்சார் சத்தம், ஏ.சி. செட்டிங், கதவு திறந்திருக்குங்கிற எச்சரிக்கைகூட பழைய ஸ்டீரியோ வழியா வரலாம். பெட்டி சரியில்லன்னா பட்டனோட சேர்ந்து இதுவும் போயிரும். 2019 ஜூலை 1-ல இருந்து புது கார்கள்ல ரிவர்ஸ் பார்க்கிங் சென்சாரும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம். அந்தப் பாதுகாப்பை பாட்டுப் பெட்டிக்காக இழக்கக் கூடாது.

*என் கார்ல பட்டனே இல்லையே?* அடிப்படை மாடல் வச்சிருக்கிறவங்க கேக்குற கேள்வி. ஸ்டீயரிங்ல மாட்டுற மாதிரி வயர்லெஸ் ரிமோட் கிடைக்குது. குறைஞ்ச செலவு. ஆனா அதை ஏர்பேக் இருக்கிற நடுப்பகுதியில ஒட்டவே ஒட்டாதீங்க. ஏர்பேக் வெடிச்சா அது உங்க முகத்துக்குத்தான் வரும். பக்கவாட்டு வளையத்துல, கை உறுத்தாத இடத்துல இறுக்கமா மாட்டணும்.

மேல் மாடலோட ஒரிஜினல் பட்டனையே வாங்கி மாட்டணும்னா ஏர்பேக்கைக் கழட்டணும். ஸ்டீயரிங் உள்ள சுருள் மாதிரி இருக்கிற கிளாக் ஸ்பிரிங்கையும் சில நேரம் மாத்தணும். ஹாரன், ஏர்பேக், ஆடியோ பட்டன் எல்லாத்துக்கும் இணைப்பு அது வழியாத்தான் போகுது. இந்த வேலையை ரோட்டோரக் கடையில கொடுக்காதீங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர் மட்டும்தான்.

வெட்டின ஒயரும் குற்றாலத்துச் சாரலும்

"ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தினாலும் கரண்ட் போகத்தானே செய்யும்?" நியாயமான கேள்விதான். பாட்டு கேக்கும். பிரச்சினை அப்புறம் வரும்.

நம்ம ஊரை யோசிச்சுப் பாருங்க. ஐந்தருவியிலயோ பழைய குற்றாலத்துலயோ குளிச்சிட்டு ஈரத் துண்டோட எல்லாரும் கார்ல ஏறுவோம். கண்ணாடியை மூடுவோம். உள்ளே முழுக்க ஆவி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை வெளியவும் ஈரக் காத்து. முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட்ல கொஞ்சம் கொஞ்சமா பச்சை பூத்துரும். அந்த இடத்துல மின்தடை கூடும்.

மேல போட்ட கணக்குக்குத் திரும்ப வாங்க. சத்தம் கூட்டுற பட்டன் 250 ஓம், 1 வோல்ட். பூத்துப் போன ஜாயின்ட் ஒரு 100 ஓம் சேர்த்தா மொத்தம் 350 ஓம், வோல்டேஜ் கிட்டத்தட்ட 1.3. சத்தம் குறைக்கிற பட்டன் 1.4. ஸ்டீரியோ குழம்பிரும். நீங்க கூட்டினா அது குறைக்கும். "செட் மக்கர் பண்ணுது"ன்னு அடுத்த செட் வாங்க ஓடுவோம். செட் நல்லாத்தான் இருக்கும், ஜாயின்ட்தான் கெட்டிருக்கும். அதனால ஒரு சீசன் கழிச்சு பட்டன் தப்பாப் பேசினா, முதல்ல ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க, லேர்னிங்கைத் திரும்பப் போடச் சொல்லுங்க. அதுலயும் சரியாகல, ஹாரனும் விட்டு விட்டு அடிக்குது, ஏர்பேக் விளக்கும் எரியுதுன்னா கிளாக் ஸ்பிரிங்ல சந்தேகம். நேரா சர்வீஸ் சென்டர் போயிருங்க.

வெட்டுறதுல இன்னும் மூணு நஷ்டம் இருக்கு:

1. வாரண்டி. கார் வாரண்டியில இருந்தா, வெளியில போட்ட சாமானால வந்த கோளாறை கம்பெனி ஏத்துக்காது. வெட்டின ஒயரிங் அவங்க கையில நாமளே கொடுக்கிற காரணம்.
2. பேட்டரி. புது ஸ்டீரியோவுல மஞ்சள் ஒயர் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு ஒயர் சாவி போட்டா மட்டும் வர்ற கரண்ட். அவசரத்துல ரெண்டையும் நிரந்தர லைன்லயே முறுக்கி விட்டா, வண்டி நிக்கும்போதும் செட் முழிச்சுக்கிட்டே இருக்கும். காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது.
3. மறுவிற்பனை. கப்ளர் போட்டிருந்தா, காரை விக்கும்போது புது செட்டைக் கழட்டி அடுத்த காருக்கு எடுத்துட்டுப் போகலாம், பழைய செட்டை அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம். வெட்டியிருந்தா, வாங்க வர்றவர் டேஷ்போர்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு விலையைக் குறைப்பார். அதனால பழைய ஸ்டீரியோ, ஃப்ரேம், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு பரண்ல வச்சிருங்க.

பெட்டி விலை வேற, முழு விலை வேற

இப்போ மொத்தக் கணக்கு. இது புரியறதுக்கான உதாரணம்தான். உங்க காருக்கு உங்க கடையில விலை கேட்டு இதே மாதிரி எழுதிக்கோங்க.

- ஸ்டீரியோ: 15,000
- கார் மாடலுக்கான ஃப்ரேம்: 1,200
- கப்ளர்: 1,800
- ரிவர்ஸ் கேமரா அடாப்டர்: 700
- மாட்டுற கூலி: 1,000
- மொத்தம்: 19,700

கேன் பஸ் காரா இருந்தா டிகோடருக்கு ஒரு 2,500 கூட்டிக்கோங்க, 22,200 ஆயிரும். 'பதினஞ்சாயிரம் ரூபா செட்'னு மனசுல வச்சுக்கிட்டுப் போறவங்கதான் கடையில நின்னுக்கிட்டு கப்ளர்ல மிச்சம் பிடிக்கப் பார்க்கிறாங்க. நான் பண்ணின தப்பு அதுதான். பட்ஜெட் 15,000-தான்னா, 11,000 ரூபாய் செட் வாங்கி மீதியை முறையான ஒயரிங்குக்குக் கொடுங்க. பெரிய ஸ்கிரீன், வெட்டின ஒயர்ங்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

இன்சூரன்ஸ்ல சொன்னீங்களா?

இது பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம். கம்பெனி மாட்டி அனுப்பின சாமான் மட்டும்தான் காரோட ஐ.டி.வி. மதிப்புல வரும். நீங்க வெளியில மாட்டின எலெக்ட்ரானிக் சாமானைத் தனியாச் சொல்லி பாலிசியில சேர்க்கணும். 2002 மோட்டார் டாரிஃப்ல ஐ.எம்.டி. 24-ங்கிற இணைப்பு இதுக்குத்தான். சாமானோட மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம்னு அதுல வச்சாங்க. இப்பவும் பல கம்பெனிகள் அதே அளவுலதான் போடுறாங்க, நீங்க உங்க கம்பெனியில கேட்டுக்கோங்க.

20,000 ரூபாய் சாமானுக்கு 4 சதவீதம்னா 800. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 144. வருஷத்துக்கு 944 ரூபாய். கார் வெள்ளத்துலயோ விபத்துலயோ திருட்டுலயோ போனா ஸ்டீரியோவுக்கும் சேர்த்துக் கேக்கலாம். இதுக்கு ஜி.எஸ்.டி. பில் வேணும். "பில் இல்லாம 1,000 குறைச்சுத் தாரேன்"னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க. பில் இல்லன்னா செட் வாரண்டியும் இல்ல, இன்சூரன்ஸும் இல்ல.

ரெண்டு எச்சரிக்கை:

ஒண்ணு, ஓன் டேமேஜ் பாலிசி எலெக்ட்ரிக்கல் பழுதுக்குப் பணம் தராது. செட் தானாக் கெட்டுப் போனா அது உங்க செலவு.

ரெண்டு, சின்ன கிளெய்முக்கு அவசரப்படாதீங்க. உதாரணமா உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000, அடுத்த வருஷம் நோ கிளெய்ம் போனஸ் 45 சதவீதம் வர வேண்டியது. அதாவது 4,500 ரூபாய் தள்ளுபடி. 5,000 ரூபாய் ஸ்டீரியோ சேதத்துக்கு கிளெய்ம் போட்டா, 1,500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு கட்டாயக் கழிவு 1,000 போக கைக்கு வர்றது அதிகபட்சம் 4,000. தேய்மானம் வேற கழிப்பாங்க. 4,000 வாங்கி 4,500-ஐ விடுறோம்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.-ல வாங்கலாமா?

ஆன்லைன்ல இந்த வார்த்தையைப் பார்த்தவுடனே 'வட்டி இல்ல'ன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் பேங்க் வட்டி போடும், அதே அளவு விலையில தள்ளுபடி கொடுப்பாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையிலதான். 15,000 ரூபாய்க்கு ஆறு மாச வட்டி 650-ன்னு வச்சா ஜி.எஸ்.டி. 117. ப்ராசஸிங் கட்டணம் 199, அதுக்கு ஜி.எஸ்.டி. 36. மொத்தம் 352 ரூபாய். பெரிய தொகை இல்ல, ஆனா இலவசமும் இல்ல.

இன்னொண்ணு, ஆன்லைன்ல வாங்கி லோக்கல் கடையில மாட்டினா, பட்டன் வேலை செய்யலன்னா யார் பொறுப்பு? விக்கிறவர் மாட்டினவரைக் கை காட்டுவார், மாட்டினவர் செட்டைக் கை காட்டுவார். நடுவுல நாம. ஒரு 1,000 ரூபாய் கூட ஆனாலும் செட்டும் கப்ளரும் வேலையும் ஒரே கடையில, ஒரே பில்லுல இருக்கிறது நல்லது.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

முழுக் காசையும் முதல்லயே கொடுக்காதீங்க. கொஞ்சம் கையில வச்சுக்கிட்டு, கடைக்காரரைப் பக்கத்து சீட்ல உக்கார வச்சு வரிசையா பாருங்க:

1. ஸ்டீயரிங்ல இருக்கிற எல்லாப் பட்டனும், ஒவ்வொண்ணும் மூணு தடவை.
2. ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி வச்சு அதே பட்டன்கள்.
3. ராத்திரி லைட் போட்டப்பவும் பட்டன் வேலை செய்யுதா, பட்டன் விளக்கு எரியுதா.
4. போன் பட்டன்ல கால் எடுத்து, எதிர்ல இருக்கிறவங்களுக்கு உங்க குரல் தெளிவா கேக்குதான்னு கேளுங்க. பழைய மைக் பல நேரம் புது செட்டுல சேராது.
5. ரிவர்ஸ் கியர் போட்டா கேமராவும் சென்சார் சத்தமும் வருதா.
6. ஏர்பேக் விளக்கு, இன்ஜின் விளக்கு எதுவும் புதுசா எரியலையே?
7. சாவியை எடுத்தா செட் முழுசா அணையுதா. மல்டிமீட்டர் வச்சு, நிக்கிற வண்டியில எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு காட்டச் சொல்லுங்க.
8. சாவியைத் திரும்பப் போட்டா பட்டன் செட்டிங் மறக்காம இருக்கா.

எல்லாம் சரின்னா மீதிக் காசைக் கொடுங்க.

வாக்குக் கொடுத்துட்டு அப்புறம் கடை கையை விரிச்சா, 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். அதுலயும் தீரலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கொடுக்கலாம். அதுக்கும் பில் வேணும்.

கடைசியா ஒரு கேள்வி: மாத்தித்தான் ஆகணுமா?

பணம் பத்திப் பேசுற இடத்துல இதைக் கேக்காம முடிக்கக் கூடாது. கம்பெனி செட்டுல ப்ளூடூத் இருக்கு, பட்டன் வேலை செய்யுது, சத்தம் மட்டும் சுமாரா இருக்குன்னா, முன் கதவு ஸ்பீக்கர் ரெண்டை மட்டும் மாத்திப் பாருங்க. நிறைய கார்கள்ல குறை அங்கேதான் இருக்கும். மேப் மட்டும்தான் தேவைன்னா ஒரு நல்ல மொபைல் ஹோல்டர் போதும். ஸ்டீயரிங்கை யாரும் தொட வேண்டாம், ஒயரை யாரும் வெட்ட வேண்டாம்.

அப்படியும் பெரிய ஸ்கிரீன் வேணும்னா தாராளமா வாங்குங்க. சம்பாதிக்கிறது அனுபவிக்கத்தான். ஆனா கடைக்குள்ள போனவுடனே முதல் கேள்வி, "ஒயர் வெட்டாம, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் வேலை செய்யுற மாதிரி மொத்தம் எவ்வளவு அண்ணாச்சி?" அப்படின்னு இருக்கட்டும். அந்த மொத்தம்தான் உங்க விலை.

நான் எஸ் வளைவுல கத்துக்கிட்டதை நீங்க இந்தப் பதிவுல கத்துக்கிட்டா போதும். உங்க வீட்டுல யாராவது இந்த சீசனுக்கு செட் மாத்தப் போறாங்கன்னா அவங்களுக்கு இதை அனுப்பி வையுங்க. கப்ளர் மாட்டுறது, லேர்னிங் போடுறது ரெண்டையும் அடுத்த வீடியோவுல நேரடியா காட்டுறேன். மழையில பார்த்து ஓட்டுங்க.